இடப்பக்கக் கண்ணாடி

பின்னால் நின்று தட்டுவதற்கு யாரும் வர மாட்டார்கள் என்று முதன்முதலாக என்னிடம் சொன்னது தாட்சாயணி. போன மாசம் ஆறாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு. லைசென்ஸ் டெஸ்ட் வைக்கிற இந்த மைதானத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாயே, இதே சிமெண்டு பெஞ்சில்தான் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு இருபத்துநாலு வயசு. பஸ் டிரைவர் வேலைக்குப் போகணும் என்று ஹெவி லைசென்ஸ் எடுக்க வந்தவள். எனக்கு நாற்பத்தொன்பது. டிரைவிங் ஸ்கூல் லாரியில் அவளுக்கு அடுத்த பேர் என் பேர்.

நான்தான் பேச்சை எடுத்தேன். "ரிவர்ஸ் எடுக்கறப்ப நம்ம மாஸ்டரே வந்து தட்டுவாரா, இல்ல இன்ஸ்பெக்டர் ஆள் யாராச்சும் வருவாங்களா கண்ணு?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா, தட்டறதுக்கு யாரும் வர மாட்டாங்க. கண்ணாடிய பாத்துத்தான் எடுக்கோணும். உங்களுக்கு யாரும் சொல்லலயா?"

நான் நம்பவில்லை அம்மிணி. சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர், முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டினவர். அவருக்குத் தெரியாதது இந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?

உனக்கு நேரம் இருக்கிறதா? உன் வீட்டுக்காரர் பேரை இன்னும் கூப்பிடவில்லையே. என் பேருக்கு முன்னாலும் இன்னும் எட்டுப் பேர் இருக்கிறார்கள். சொல்கிறேன், கேள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. அம்மனிடம் சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டாள், திரும்ப ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் பேர் அர்த்தனாரி. எங்களுக்கு ஆறு சக்கர வண்டி ஒன்று. தீவன மில்லில் மூட்டை ஏற்றிக் கோழிப் பண்ணைகளில் இறக்குவது. எல்லாம் பகல் லோடு, சுத்துப்பட்டு ஊர்கள்தான். ஒரு காலத்தில் அவர் நாசிக், இந்தூர் என்று போய்விட்டுப் பதினைந்து நாள், இருபது நாள் கழித்து வருவார். வந்தால் தூங்குவார். எழுந்தால் போவார். இரண்டு பிள்ளைகளையும் நான்தான் வளர்த்தேன். மகன் கௌரிசங்கர் ஓசூரில் கம்பெனி வேலை. மகளைக் காங்கேயத்தில் கொடுத்திருக்கிறோம். நல்ல பிள்ளைகள். வாரத்துக்கு ஒருமுறை போன் பண்ணிவிடுவார்கள்.

இந்த வருஷம் தை மாசம் அவருடைய லைசென்ஸ் முடிந்தது. புதுப்பிப்பதற்கு டாக்டர் கண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். டாக்டர் போடவில்லை. சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து வண்டிக்குத் தார்ப்பாய் போட்டவர், ஒரு மாசம் அதன் பக்கமே போகவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

மகன் வண்டியை விற்றுவிடலாம் என்றான். சம்பளத்துக்கு ஆள் போட்டோம், அவன் இரண்டு மாசத்தில் கியர் பாக்ஸை ஒரு வழி பண்ணிவிட்டு நின்றுகொண்டான். அதைச் சரி பண்ணி வண்டிக்கு மறுபடியும் தார்ப்பாய் போட்டார். அப்போதுதான் நான் சொன்னேன், நான் ஓட்டுகிறேன் என்று.

சிரிக்காதே. கார் லைசென்ஸ் என்னிடம் முன்பே உண்டு. எங்களிடம் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று இருந்தது, ஆறு வருஷம் அதில் பால் கேன் ஏற்றிக்கொண்டு போய்ச் சொசைட்டியில் ஊற்றியிருக்கிறேன். லாரி பெரிசு, அவ்வளவுதானே. நான் ஓட்ட, அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்ல, இரண்டு பேரும் தீவன லோடு அடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை. அதையும் மனசில் வைத்துத்தான் சொன்னேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

 அவர் எழுந்துபோய்த் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். "ஏறு புள்ள" என்றார்.

இரண்டு மாசம் சொல்லிக் கொடுத்தார் அம்மிணி. எங்கள் ஊர் வாரச்சந்தைத் திடல் மற்ற நாளில் காலியாகக் கிடக்கும், அங்கேதான். ஏறியதும் நான் சாமி படத்துக்கு ஒரு ஊதுவத்தி ஏற்றிக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் தொடுவேன். "இன்ஸ்பெக்டர் ஏறினா பிரசாதம் கேக்கப் போறாரு" என்று கிண்டல் பண்ணுவார். கிளட்ச் கால் வலித்தால் தைலம் தேய்த்துவிட்டார். அதுவரை என் காலை அவர் தொட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

முன்னால் ஓட்டுவது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். கோழிப் பண்ணைக்குப் போனால் குடோன் வாசல் வரைக்கும் பின்னால்தான் எடுக்கவேண்டும். அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். வண்டிக்குப் பின்னால் இடப்பக்கம் நின்றுகொள்வார். பாடியில் உள்ளங்கையால் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வா. ஒரு தட்டு என்றால் நில். மெதுவாக அடுக்கித் தட்டினால் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பு. நான் தலையை வெளியே நீட்டிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும்.

கண்ணாடி பார்க்கவேண்டாமா என்று கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கேட்டேன். இடப்பக்கக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் கம்பி மட்டும் நின்றது. லூசாகிவிட்டது, கழற்றி வைத்திருக்கிறேன், சேலம் போனால் புதிசு வாங்கவேண்டும் என்றார். "கண்ணாடி ஏமாத்தும் புள்ள. தூரத்துல இருக்கறத கிட்டக் காட்டும், கிட்ட இருக்கறத தூரத்துல காட்டும். என் கை ஏமாத்துமா?" என்றார். பண்ணையில் தட்டுவதற்கு எப்போதும் ஓர் ஆள் நிற்பான், எந்த டிரைவரும் அதைக் கேட்டுத்தான் எடுப்பான் என்றார். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன், நீயும் கல்யாணம் ஆனவள்தானே. இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் அந்த இரண்டு மாசம் தட்டிய தட்டுக்கு வராது. வா, வா, நில். வா, நில். அவர் கை எங்கே இருக்கிறது, களைத்திருக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா எல்லாம் அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துபோகும். வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூட அந்தச் சத்தம் காதில் கேட்கும்.

டிரைவிங் ஸ்கூலில் சர்டிபிகேட்டுக்காகத்தான் பேர் கொடுத்தது. மாஸ்டர் என்னை நாலு ரவுண்டு முன்னால் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, அர்த்தனாரி அண்ணன் வீட்டம்மாவுக்கு நாங்கள் என்ன சொல்லித் தருவது என்று இறக்கிவிட்டார். அதனால் டெஸ்டுக்கு எப்படி எடுக்கவேண்டும் என்று எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை. அவர் ஒருவர்தான்.

சரி, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேள். அவர் வரவில்லை. நான் வந்தால் உனக்குப் பதட்டமாகும் என்று சொல்லிவிட்டார். ஸ்கூல் லாரியில் ஏறினேன். முன்னால் ஓட்டிக் காட்டினேன், இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், ஓர் அங்குலம் பின்னால் உருளாமல் எடுத்தேன். பிறகு அதோ, அந்தக் கம்பு நட்ட சந்து தெரிகிறதல்லவா, அதற்குள் பின்னால் எடுக்கச் சொன்னார்.

ரிவர்ஸ் கியர் போட்டேன். தலையை வெளியே நீட்டினேன். காதைக் கொடுத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை.

தாட்சாயணி சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் என் காது அவர் கையைத் தேடியது அம்மிணி. அவர் வீட்டில் இருக்கிறார் என்று தெரியும், அப்படியும் தேடியது. இன்ஸ்பெக்டர் கீழே இருந்து கேட்டார், "ஏம்மா, யாருக்காகக் காத்திருக்கீங்க?" நான் வாய் தவறி, "தட்டட்டும்னுதானுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். தாட்சாயணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மெதுவாக எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் கண்ணாடி இருந்தது. ஆனால் அதில் தெரிகிறதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாதே. கொஞ்சதூரத்தில் பின்னால் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு தட்டு, நில் என்று நினைத்துப் பிரேக்கை மிதித்தேன். அது மூன்றாவது கம்பு ஒடிந்த சத்தம்.

வீட்டுக்குப் போனால் அவர் தயிர்ச் சோறு பிசைந்து, ஊறுகாய் வைத்து, தட்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்படிக்குள் வராதவர். பாஸா பெயிலா என்று கேட்கவில்லை. "கையக் கழுவிட்டு வா" என்றார். எவ்வளவு ஆசை என் மேல் என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மகள் போன் பண்ணினாள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே, மனச விட்டுறாதம்மா, உன் வயசுக்கு இதெல்லாம் வேண்டாம் என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் ராசிபுரத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான், வண்டியைப் பார்க்க. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். டயரைப் பார்த்தார். எஞ்சினைக் கேட்டார். பிறகு, இடப்பக்கக் கண்ணாடி எங்கே என்று கேட்டார். நான் காபி டம்ளர்களோடு வாசலில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மஞ்சள் துண்டில் சுற்றிய ஒரு சாமானைக் கொண்டுவந்தார். துண்டைப் பிரித்தார். கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. இரண்டு நட்டு, ஒரு ஸ்பேனர், ஐந்தே நிமிஷம். மாட்டிவிட்டார்.

அவருடைய வேட்டிகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது. அந்த வேட்டிகளை மடித்து வைப்பது நான். அந்த இரண்டு மாசம் மட்டும், உனக்குக் கால் வலி, நானே மடித்து வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

காபி ஆறிப்போனது. நான் கொடுக்க மறந்து நின்றேன்.

எதிரி செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். வழியில் போகிறவன் செய்தால் போகட்டும் என்று விடலாம். காலுக்குத் தைலம் தேய்த்த கை. வா, வா என்று தட்டிய கை. ஒவ்வொரு தட்டும் தட்டும்போது அவருக்குத் தெரியும், டெஸ்ட் அன்றைக்கு இது கிடையாது என்று. நான் தலையை நீட்டிக் காத்திருப்பேன், எல்லோரும் சிரிப்பார்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டே தட்டியிருக்கிறார். நான் அவருக்கு என்ன குறை வைத்தேன்? ஒரு நாள் முகம் சுளித்திருக்கிறேனா? அவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேனா?

அந்த டாக்டர் விஷயம் தவிர. அது வேறு. அது அவர் நல்லதுக்குச் செய்தது, அதை இதில் சேர்க்கக்கூடாது.

அது ஒன்றும் பெரிசில்லை. அவருக்கு இரண்டு வருஷமாகவே சாயங்காலமானால் எதிர்வண்டி வெளிச்சம் பூப்பூவாகத் தெரியும். ஒரு பாலத்துச் சுவரில் உரசிவிட்டும் வந்தார். லைசென்ஸ் புதுப்பிக்கவேண்டிய நேரம் வந்ததும், டாக்டர் அறையில் சுவரில் மாட்டியிருக்குமே, எழுத்துப் போட்ட அட்டை, அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகலாம் என்றார். நான்தான் அவரைச் சர்க்கரைக்குக் காட்டக் கூட்டிப் போனபோது அதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். எட்டாவது படித்திருக்கிறேனே. தினமும் காலையில் நான் வாசிக்க, அவர் சொல்லிப் பார்ப்பார். ர, ட, ப, ய. அடுத்த வரி. சின்னப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். நானும் சபாஷ் சொல்வேன்.

ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. பார்வை இல்லாமல் ரோட்டில் போய் யார் மேலாவது ஏற்றிவிட்டால்? மாரியம்மன் கோயிலில் பூ கேட்டேன். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் போட்டு எடுக்கிறது. வெள்ளை வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவது, சிவப்பு வந்தால் விட்டுவிடுவது. முதல் தடவை சிவப்பு வந்தது. நான் சரியாகக் கும்பிடவில்லை போலிருக்கிறது என்று மறுபடி எடுத்தேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை. அம்மனே உத்தரவு கொடுத்த பிறகு நான் யார்? கண் பார்க்கிறதுக்கு முந்தின நாள் போய் டாக்டரிடம் சொன்னேன், அவர் அட்டையை மனப்பாடம் பண்ணியிருக்கிறார், வேறு அட்டை மாட்டுங்கள் என்று.

டாக்டர் எண் போட்ட அட்டையை மாட்டிவிட்டார். இவருக்கு அது தெரிந்தால்தானே. நெஞ்சை நிமிர்த்தி நின்று, ர, ட, ப, ய என்று சொன்னார். கம்பவுண்டர் சிரித்துவிட்டார். நான் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நல்லதுக்குத்தானே செய்தது.

அவருக்கு இது தெரிய வழியே இல்லை. நான் டாக்டரிடம் சொல்லும்போது கம்பவுண்டர் மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். எங்கள் தெருக்காரர்தான், இவரோடு தினமும் டீக்கடையில் உட்காருகிறவர்தான். ஆனால் தங்கமான மனுஷன், இதையெல்லாம் போய்ச் சொல்ல மாட்டார்.

ராசிபுரத்து ஆளும் மகனும் போன பிறகு, நான் அவர் எதிரில் போய் நின்று கேட்டேன். நான் சத்தம் போடுகிறவள் இல்லை. மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஏனுங்க, தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சரியாகத் தெரியாதவர் அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு சொன்னார்.

"ர, ட, ப, ய."

அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் என்ன கேட்கிறேன், அவர் என்ன சொல்கிறார் பார்த்தாயா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பேச்சை மாற்றுவதற்கு அவருக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. செய்த தப்பை ஒத்துக்கொள்ள மனசு வராத மனுஷர்கள் இப்படித்தான். ஒரு வார்த்தை, ஆமாம் வசந்தா, தெரிந்தேதான் செய்தேன், பயமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். கேட்டுவிட்டால் மன்னித்துவிடுகிற சுபாவம் எனக்கு.

அதற்குப் பிறகு தாட்சாயணிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவள் அன்றைக்கே பாஸ். செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூல் மைதானத்துக்கு எனக்காக வந்தாள், மாஸ்டரிடம் பேசி ஸ்கூல் வண்டியையும் கேட்டு வாங்கித் தந்தாள். கண்ணாடியில் பின் சக்கரத்தைப் பாருங்கள் அக்கா, கம்பைப் பார்க்காதீர்கள், சக்கரம் போகிற வழியில்தான் வண்டி போகும் என்றாள். முதல் நாள் தலை சுற்றியது. எனக்கு எல்லாம் காதிலேயே பழகிவிட்டது. காதை மூடிக்கொள்ளுங்கள் என்று பஞ்சு கொடுத்தாள். பஞ்சை வைத்துக்கொண்ட பிறகுதான் கண் வேலை செய்தது.

வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. கோயில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவேன். இன்றைக்கும் அப்படித்தான் வந்தேன். விபூதி மடித்து வைத்திருக்கிறேன், போனதும் அவர் நெற்றியில் வைத்துவிடுவேன்.

வண்டி என் பேரில் இருக்கிறது அம்மிணி. நான் கையெழுத்துப் போட்டால்தான் விற்கமுடியும். வியாழக்கிழமை ராசிபுரத்து ஆள் வருகிறார். இன்றைக்குப் பாஸானால் போடமாட்டேன். அவரைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போவேன். வரமாட்டேன் என்றால் சும்மா உட்காரட்டும், பேசக்கூட வேண்டாம். பெயிலானால் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன் என்று அம்மனிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பூ கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

என் பேரைத்தான் கூப்பிடுகிறார்கள். வசந்தாமணி, ஆமாம், நான்தான். இந்தச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால்தான் எனக்குக் கிளட்ச் பிடிபடும். இங்கேயே கிடக்கட்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன் கண்ணு. நான் பின்னால் எடுக்கும்போது இங்கிருந்து உனக்கு நன்றாகத் தெரியும். கம்பு மேல் ஏறப்போகிற மாதிரி இருந்தாலும் பாவம் பார்த்துக் குரல் கொடுத்துவிடாதே, கையைத் தட்டிவிடாதே. பேசாமல் உட்கார்ந்திரு.